மக்காவுக்குச் சொன்ன ஓம்

1

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் பஸ் டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இறக்காமத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் என் ராத்தாவின், அதாவது அக்காவின், சம்பந்தி. குளத்துக்குக் கீழே நான்கு ஏக்கர் வயல் செய்கிறவர். ஸலாம் சொன்ன கையோடு, "ஹாஜியார், நீங்க இன்னும் போகவுமில்ல, அதுக்குள்ள துஆ பலிச்சிட்டு. இந்தப் போகம் யானை நம்மட வரம்ப மிதிக்கல்ல" என்றார். பக்கத்து வயல்காரருக்கு இரண்டு மூலை போய்விட்டதாம். தன்னுடைய பெயரையும் என் துஆப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர் கேட்டிருக்கிறாராம்.

நான் ஹாஜியார் இல்லை. இதுவரை ஹஜ்ஜுக்குப் போனதில்லை, இந்த வருடம் போகப்போவதுமில்லை. ஆனால் அவருடைய யானைக்காக நான் துஆக் கேட்டு இறைஞ்சியது உண்மை. கேட்ட இடம்தான் வேறு. பதினாலாயிரம் அடி உயரத்தில், ஒரு சின்ன விமானத்தின் பலகை இருக்கையில், முதுகில் பரசூட்டோடு உட்கார்ந்திருந்து கேட்டேன். கேட்டு முடித்ததும் கதவைத் திறந்தார்கள், நான் குதித்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனைக்காரன். கல்முனை பஸாரில் வாப்பாவுக்கு ஒரு கைலிச் சாறன் கடை இருந்தது. நான் அவுஸ்திரேலியாவுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. மெல்பேர்ன் நகரத்தின் மேற்குப் புறத்தில் பஸ் ஓட்டுகிறேன். வயது நாற்பத்தேழு. மனைவி ஹஸீனா, மகள் நுஹா. சோற்றுத் தொந்தி ஒன்றும் இருக்கிறது, அதைப் பற்றியும் கீழே வரும்.

ஹாஜியார் என்று என்னை அவர் மட்டும் அழைக்கவில்லை. இரண்டு மாதமாக ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அழைக்கிறார்கள். எப்படி வந்தது இந்தப் பட்டம் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

2

தொடக்கி வைத்தவள் நுஹா. பதினேழு வயது. ஏதாவது தேவை என்றால் என்னை வாப்பா என்பாள், கோபம் என்றால் டாட் என்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ஹஸீனா இரண்டுக்கும் நடுவில் நின்று சோறு போடுவாள். வீட்டில் எங்களுடைய கதைபேச்சு இப்படித்தான் போகிறது.

சென்ற வருடம் ஒரு பின்னேரம் அடுத்தடுத்து இரண்டு தரம் வாப்பா என்று கூப்பிட்டாள். தேவை பெரியது என்று அப்போதே விளங்கிவிட்டது. அவள் கையில் ஒரு படிவம் இருந்தது. விமானத்திலிருந்து குதிக்கப் போகிறாளாம். குதித்துப் பழகியவர் ஒருவரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்க வைப்பார்களாம். பதினெட்டு வயதாகவில்லை என்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் டாட்தான். ஆகவே எங்கள் ஊர் வாப்பாமாரின் பழைய தந்திரத்தை எடுத்துவிட்டேன். பிள்ளையைத் தடுக்க வேண்டுமானால் "நானும் வாறன்" என்று சொல்வது. வாப்பாவும் வருகிறார் என்றால் எந்தப் பிள்ளைக்கும் ஆசை அடங்கிவிடும். என் வாப்பா இந்த ஒரு வசனத்தைக் கொண்டே என்னை மூன்று சினிமாப் படங்களிலிருந்தும் ஒரு கண்டி யாத்திரையிலிருந்தும் காப்பாற்றியவர்.

நுஹா அவுஸ்திரேலியப் பிள்ளை. ஓகே என்று சொல்லி இரண்டு பேருக்கும் பதிவு செய்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி ஆடுகள் மேயும் வெளி ஒன்றுக்குப் போனோம். தகரக் கொட்டகை, மண் ஓடுபாதை, ஒரு சின்ன விமானம். தாடி வைத்த பருத்த மனிதர் ஒருவர் என்னைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். மேலே போகப் போக எனக்கு வராத குர்ஆன் சூறாக்கள் எல்லாம் வந்தன. கதவு திறந்தது. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. விழுகிறோம் என்று தோன்றவே இல்லை. காற்று கீழேயிருந்து தாங்கிக்கொள்கிறது. ஒரு நிமிடம் இருக்கும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நேரசூசி, ஷிப்ட், தவணை, படிவம் எதுவும் அந்த ஒரு நிமிடத்தில் இல்லை. தரையில் வந்து இருந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. புல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நுஹாவும் நல்லபடியாக இறங்கி வந்தாள். பரவாயில்லை, ஒரு தரம் போதும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எடுத்த படத்தை நண்பிகளுக்கு அனுப்பத் தொடங்கினாள். மறுநாளே அவள் அதை மறந்துவிட்டாள்.

எனக்குப் பிடித்துக்கொண்டது.

3

திங்கட்கிழமை பஸ் ஓட்டும்போது சிவப்பு விளக்குக்கு நிற்கும் இடமெல்லாம் வானத்தைப் பார்த்தேன். பயணிகளில் ஒரு கிழவி, மழை வருமா என்று என்னிடம் கேட்டார். அடுத்த வாரம் அந்த வெளிக்குத் தனியாகப் போய், தனியே குதிக்கப் பழகுவதற்கு என்ன வழி என்று விசாரித்தேன்.

வழி இருக்கிறது. முதலில் ஒரு முழுநாள் தரைப் பாடம். பிறகு ஒன்பது படிகள். முதல் மூன்று படியிலும் இரண்டு ஆசிரியர்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள். நாலாம் படியில் ஒருவர்தான். அவரும் நடுவானில் கையை விட்டுவிடுவார். ஒன்பதும் முடித்து, தனியாகவும் கொஞ்சம் குதித்து, பரசூட்டை மடிக்கவும் தெரிந்துகொண்டால் லைசன்ஸ் தருவார்கள்.

என் ஆசிரியை கேட். அறுபது வயது, முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியை, ஆயிரக்கணக்கில் குதித்தவர். சில்லு வைத்த பலகையில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, கையையும் காலையும் தூக்கி உடம்பை வில்லாக வளைக்கச் சொன்னார். எனக்குத் தொந்தியில் சமநிலை வந்தது, மற்ற எதுவும் தரையைத் தொடவில்லை. முதல் முயற்சியிலேயே இவ்வளவு நன்றாக வளைகிறவரை நான் கண்டதில்லை என்றார். நானும் காரணத்தைச் சொல்லவில்லை.

பெயரில் வழமையான கூத்து நடந்தது. எங்கள் பெயரில் வாப்பாவின் பெயர் முன்னால் நிற்கும். இவர்களுடைய படிவம் முன்னால் நிற்பதைத்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அங்கே எல்லோருக்கும் நான் இஸ்மாயில். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறாத என் வாப்பாவின் பெயரைச் சொல்லி, இஸ்மாயில் விமானத்துக்கு வரவும் என்று ஒலிபெருக்கியில் அழைக்கிறார்கள்.

பரசூட் மடிப்பதில் மட்டும் நான் முதல் நாளே தேறினேன். மற்றவர்கள் அந்தத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முழங்காலால் அமத்தி, காற்றை வெளியே தள்ளி, ஓரம் பார்த்து மடித்துப் பைக்குள் வைத்தேன். பெருநாள் சீசனில் ஒரு நாளைக்கு முந்நூறு சாறன் மடித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா. எங்கே கற்றாய் என்று கேட் கேட்டார், கல்முனையில் என்றேன். அங்கே நல்ல பயிற்சிக் கழகம் இருக்கிறது போல என்று தலையாட்டினார்.

வானம் தெளியும்வரை காத்திருப்பதுதான் இந்த விளையாட்டில் பெரும்பகுதி. முகில் இறங்கினால் மூன்று மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அரசாங்கக் கந்தோர் வாசலில் ஒரு கையெழுத்துக்காகக் காலையிலிருந்து அஸர் தொழுகை வரைக்கும் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள், எனக்கு அது சிரமமில்லை. கொட்டகைக்குப் பின்னால் லுஹர் தொழுவேன். தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்பதை இப்போது அங்கே பாதிப் பேர் அறிவார்கள்.

இதையெல்லாம் ஒளித்துச் செய்யவில்லை, ஹஸீனாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். ஒரு நாள் குதித்தது வேறு, சனிக்கிழமை தோறும் குதிப்பேன் என்பது வேறு என்றாள். பிறகு தீர்ப்பைச் சொன்னாள்.

"உம்மாட்டச் சொல்லுங்க. உம்மா ஓம் எண்டா எனக்கும் ஓம். உம்மா வேணாம் எண்டா அந்தக் குதிக்கிற சட்டையக் கழட்டி வெச்சிரணும். சரியா?"

சரி என்று சொன்னேன். சொன்ன சொல் சொல்தான். எழுபத்தாறு வயதில் ராத்தாவின் வீட்டில் இருக்கிற என் உம்மா வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

4

முதல் படிக்கு முன்பு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ஆறு பக்கம். மரணம் என்ற சொல் அதில் ஏழு இடத்தில் வருகிறது. குடும்பத்துக்குத் தெரியுமா என்று கேட் கேட்டார். தெரியும் என்றேன். பாதிக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பத்திரம் என்னை உலுக்கிவிட்டது. செத்துப்போவேன் என்ற பயம் இல்லை. மாப்புக் கேட்காமல் செத்துப்போவேன் என்ற பயம்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணம் சொல்லிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். தெரிந்தும் தெரியாமலும் பிழை செய்திருந்தால் மாப்புச் செய்யுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்பார்கள். கேட்கப்பட்டவரும் எனக்கும் செய்யுங்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மதில் சண்டையில் ஒன்பது வருடம் முகம் பாராத அண்ணனும் தம்பியும் ஹஜ்ஜுப் பயணத்துக்கு முதல் நாள் கட்டிப்பிடித்து அழுததை எங்கள் ஒழுங்கையில் கண்டிருக்கிறேன். திரும்பி வருவோமோ என்று நிச்சயமில்லாத பயணம் என்றால் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போவது. எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

ஒரு தாளில் முப்பத்தொரு பேர் எழுதினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து ஒவ்வொருவராக அழைத்தேன். என்ன பயணம் என்று சொல்லவில்லை. ஒரு பயமான பயணம், மாப்புச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் மாப்புச் செய்தார்கள். கூடவே தங்களுடைய பிழைகளையும் எடுத்து வைத்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மாமியின் மகன், என்னோடு ஒன்றாகப் படித்தவன், மாப்புச் செய்துவிட்டுச் சொன்னான். "மச்சான், நானும் ஒண்டு சொல்லணும். ஓஎல் வகுப்புல படிக்கக்குள்ள அந்தப் புள்ளைக்குக் குடுக்கச் சொல்லி ஒரு கடிதம் தந்தாய் தானே. நான் அதக் குடுக்கவேயில்ல. கிழிச்சு ஆத்துல போட்டுட்டன்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. ஹஸீனா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கடிதம் யாருக்கு என்று கேட்கவில்லை. அந்தத் தம்பிக்கு நான் முழுசா மாப்புச் செய்யுறன் எண்டு சொல்லுங்க என்றாள்.

கடைசியாக உம்மா. மற்ற முப்பது பேரையும் முன்னால் விட்டது தைரியம் சேர்க்கத்தான். "உம்மா, நான் ஒரு பயணம் போகப்போறன். பிழை ஏதும் இரிந்தா மாப்புச் செய்ங்க" என்றேன். பரசூட் என்ற சொல் நுனி நாக்கில் இருந்தது. அதற்குள் உம்மா அழத் தொடங்கிவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ். எத்தின வருசமா இதுக்கு நான் துஆக் கேட்ட. ஓம் மனே, செஞ்சன். எல்லாத்துக்கும் செஞ்சன். ஓம், போய்ட்டு வா" என்றார். பின்னால் ராத்தா, தம்பி ஹஜ்ஜுக்குப் போறானாம் என்று வீட்டாருக்குக் கூவிச் சொல்வது கேட்டது.

அந்த இடத்தில் திருத்தியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை உம்மாவின் குரலில் நான் கேட்டு வெகுகாலம். போனை வைத்துவிட்டு ஹஸீனாவிடம், உம்மா ஓம் சொல்லிவிட்டார் என்று சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அது மக்காவுக்குச் சொன்ன ஓம்" என்றாள். ஒரு மாதம் தவணை தருகிறேன், அதற்குள் சொல்லுங்கள் என்றாள்.

5

ஊருக்குப் பெரிய செய்தி ஒன்று கிடைத்தால் அது சும்மா கிடக்காது. மறுநாளே வட்ஸ்அப்பில் துஆப் பட்டியல்கள் வரத் தொடங்கின. ஒருவருக்கு மகளின் ஏஎல் பரீட்சைப் பெறுபேறு. ஒருவருக்கு மருமகனின் புகைப்பழக்கம். சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு மச்சானுக்கு முழங்கால். இறக்காமத்துச் சம்பந்திக்கு யானை. மக்காவின் ஸம்ஸம் தண்ணீர் கேட்டவர்கள் பதினாறு பேர். எந்தக் குழுவோடு போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பட்டியலை என்ன செய்வது. ஒருவர் நம்பிக் கேட்ட துஆவைக் கேட்காமல் விடலாமா. எட்டு நாள் கழித்து முதல் படிக்காக விமானத்தில் ஏறினேன். தாளைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். மேலே போக இருபது நிமிடம் எடுக்கும். மற்றவர்கள் கண்ணை மூடித் தங்கள் அசைவுகளை நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏஎல், புகைப்பழக்கம், முழங்கால், யானை என்று வரிசையாகக் கேட்டேன். அல்லாஹ்வுக்கு எங்கிருந்து கேட்டாலும் கேட்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பெறுபேறு பரவாயில்லையாம். முழங்காலில் மாற்றமில்லை.

முதல் மூன்று படியும் மூன்று சனிக்கிழமையில் முடிந்தன. சொந்தமாக உயரமானி வாங்கினேன். காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று மரத்தைப் பார்க்கும் பழக்கம் வந்தது. தொந்தியில் நான்கு கிலோ குறைந்தது. நுஹா தன் நண்பிகளிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறாள் என்று ஹஸீனா சொன்னாள். டாட் என்ற சொல்லில் இப்போது கோபம் கொஞ்சம் குறைவு.

நாலாம் படியில் சிக்கினேன். கேட் கையை விட்ட மறுகணமே உடம்பு இடப்பக்கமாகச் சுழன்றது. பூமி கிரைண்டர் போல் சுற்றியது. கேட் எனக்கு முன்னால் வந்து, ஐந்து விரலையும் தளர்த்தி ஆட்டினார். இளகு என்பதற்கான சைகை. நான் இன்னும் இறுகினேன். அவர் பிடித்து நிறுத்தி, பரசூட்டை இழுக்க வைத்தார். தேறவில்லை. அடுத்த வாரமும் சுழன்றேன். அதற்கு அடுத்த வாரமும் சுழன்றேன்.

மூன்றாம் தரம் இறங்கியபின் கேட் என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். உனக்கு அசைவெல்லாம் தெரியும், உடம்புதான் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்கு வந்து ஹஸீனாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். ஒரு மாதத் தவணை முடிந்து பன்னிரண்டு நாளாகிறது என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது. யானைக்காக நன்றி சொன்ன மனிதருக்கு நான் வஅலைக்குமுஸ்ஸலாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஐந்தரை மணி பஸ்ஸை அன்று இரண்டு நிமிடம் பிந்தி எடுத்தேன். என் பஸ் பிந்துவதில்லை.

6

புதன்கிழமை எனக்கு விடுமுறை. ஊரில் காலை பத்து மணி இருக்கும்போது வீடியோவில் அழைத்தேன். ராத்தா போனைப் பிடித்திருந்தார். உம்மா கட்டிலில் இருந்தார், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார், மடியில் வெள்ளைத் துணி. நான் வாய் திறக்கும் முன்பே அதை விரித்துக் காட்டினார்.

"உன்ட இஹ்றாம் துணி. கடையில வாங்கல்ல. தறிக்குச் சொல்லி நெய்விச்ச. தொட்டுப் பாக்கேலா, வந்து பாரு, பஞ்சு மாதிரி."

ஹஜ்ஜில் உடுக்கும் இரண்டு துண்டுத் துணி. கரை கூட இல்லாத சுத்த வெள்ளை. இதற்கு மேலும் ஒரு நாள் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"உம்மா, நான் ஹஜ்ஜுக்குப் போகல்ல" என்றேன்.

ராத்தா போனைச் சரித்துவிட்டார். கொஞ்ச நேரம் திரையில் வீட்டு முகடுதான் தெரிந்தது. நான் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நுஹாவின் படிவம், தாடிக்காரர், ஒன்பது படி, ஹஸீனாவின் தீர்ப்பு. இதற்கு ஊர்ச் சொல் எதுவும் எனக்கு வரவில்லை, ஆகாயத்திலிருந்து பாய்கிறது என்று சொன்னேன்.

உம்மா துணியை மடியில் வைத்தார். "ஆரும் புடிச்சுத் தள்ளுறாங்களா மனே?"

"இல்ல உம்மா. நானாத்தான் பாயிற."

"கீழ கடலா, தரையா?"

"தரை உம்மா. ஆடு மேயிற இடம்."

அதற்குத் தலையசைத்தார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலைக்குப் பிறகு உம்மா கடற்கரைப் பக்கம் தலைவைத்ததில்லை. தரை என்றால் அவருக்குப் பாதிக் கவலை இல்லை.

இனி வேண்டாம் என்ற அந்த ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். ஹஸீனா கதவோரத்தில் நின்றாள். உம்மா வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு நான் மாப்புச் செஞ்சது மக்காவுக்குப் போற மகனுக்கு. பாயிற மகனுக்கு நான் இன்னும் ஒண்டும் செய்யல்ல."

"அப்ப இப்ப கேக்கிறன் உம்மா. பிழை ஏதும் இரிந்தா..."

"இரிந்தா இரிந்தா எண்டுதான் எல்லாரும் கேக்கிற. இரிக்கிற பிழையச் சொல்லிக் கேளு."

எனக்குத் தெரிந்துவிட்டது எதைக் கேட்கிறார் என்று. பதினொரு வருடத்துக்கு முன் வாப்பா மௌத்தானார். அந்த மரணச் செய்தி வந்தபோது என் வதிவிட விண்ணப்பம் முடிவாகவில்லை. வெளிநாடு போனால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்று குடிவரவுக் கந்தோர்க் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அவசரத்துக்கு அனுமதி கேட்கவும் ஒரு படிவம் இருந்தது. அதை நான் நிரப்பவில்லை. கேட்டால் விண்ணப்பத்தையே கிளறிவிடுவார்களோ என்று பயந்தேன். கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள் என்று உம்மாவிடம் சொன்னேன். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை.

"வாப்பாட மையத்த அடக்க நான் வரல்ல உம்மா. வரேலாமல் இல்ல. கேக்கப் பயந்துட்டன்."

உம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அது எனக்குத் தெரியும். அதுக்கு நான் வாப்பா மௌத்தான அண்டைக்கே மாப்புச் செஞ்சிட்டன். நீ எப்ப வாயத் திறப்பாய் எண்டுதான் பாத்துக்கொண்டு இரிந்த."

நான் அழுதேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

"இப்ப நான் கேக்கிறன். நீ செய்யணும்" என்றார் உம்மா. எதற்கு என்று கேட்டேன். "மூத்த மகன் ஏன் வரல்ல எண்டு வீட்டுக்கு வந்த ஆக்களெல்லாம் கேட்டாங்க. நான்தான் வரவேணாம் எண்டு சொன்ன, மையத்த வெச்சுக்கொண்டிருக்கேலா எண்டு சொல்லிட்டன். உனக்காக நான் பொய் சொன்ன. அதுக்கு."

திரை மறுபடி ஆடியது. இந்த முறை ராத்தாவின் முகம் வந்தது. "எனக்கும் அப்பிடித்தான் சொன்னா. தம்பிய வரவிடாமச் செஞ்சிட்டாவே எண்டு நான் எத்தின நாள் உம்மாவோட முகங்குடுத்துக் கதைக்கல்ல தெரியுமா?" என்றார். பிறகு போனைக் கட்டிலில் வைத்துவிட்டார். இரண்டு பேரும் பேசுவது கேட்டது, என்ன பேசினார்கள் என்று விளங்கவில்லை.

செஞ்சன் உம்மா என்று நான் சத்தமாகச் சொன்னேன். உம்மா திரும்பப் போனை எடுத்தபோது குரல் பழையபடி கணீரென்று இருந்தது. இஹ்றாம் துணி பெட்டியில் இருக்கட்டும், அந்தப் பயணமும் ஒரு நாள் போகத்தானே வேண்டும் என்றார். பிறகு, "மத்தாக்கள் செஞ்ச மாப்பும் உனக்குச் சேராது. எல்லாருக்கும் உண்மையச் சொல்லித் திரும்பக் கேளு. கேட்டுப்போட்டுப் பாய்" என்றார்.

கதவோரத்தைப் பார்த்தேன். ஹஸீனா உள்ளே போய்விட்டாள். தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

7

ஆகவே இதை எழுதுகிறேன். முப்பத்தொரு பேருக்கும் அழைத்துச் சொல்லிவிட்டேன். இறக்காமத்துச் சம்பந்தி அரைமணி நேரம் சிரித்தார், அடுத்த போகத்துக்கும் மேலேயிருந்தே கேளுங்கள் என்றார். ஆனால் செய்தி முப்பத்தொரு பேரோடு நின்றிருக்காது. என்னை ஹாஜியார் என்று நினைத்து மனதுக்குள் மாப்புச் செய்தவர்கள், ஸலாம் சொல்லி அனுப்பியவர்கள், எனக்காகத் தொழுது துஆக் கேட்டவர்கள் எல்லோரும் அந்த மாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆகாயத்திலிருந்து பாயும் ஒரு பஸ் சாரதிக்கு, தெரிந்துகொண்டே, புதிதாக ஒன்று செய்யுங்கள்.

இன்னொன்று. பதினொரு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தவர்கள் இதை வாசித்தால் கவனிக்கவும். வாப்பாவின் ஜனாஸாவுக்கு என்னை வரவேண்டாம் என்று என் உம்மா சொல்லவே இல்லை. வராமல் விட்டவன் நான். அவரை அப்படி ஒரு மனுசி என்று யாராவது இவ்வளவு காலமும் நினைத்திருந்தால், அவரிடம் போய் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். குடிக்கப் பிளேன்டீ தருவார்.

இந்த வாரம் காற்று தெற்கிலிருந்து, குறைவாக இருக்குமாம். சனிக்கிழமை நாலாம் படிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.